கேஸுக்குக் கூலியா, மாதச் சம்பளமா? வேலூரில் கிளெய்ம் விசாரணை வேலைக்குப் போகிறவர்களுக்கு

ஒரு டிகிரி, ஒரு பைக், நல்ல கேமரா உள்ள போன். இந்த மூன்றும் இருந்தால் போதும், கேஸுக்கு இவ்வளவு என்று தருகிறோம் என்று சொல்லித்தான் இன்சூரன்ஸ் கிளெய்ம் விசாரணைக்கு, அதாவது பணம் கேட்டு வந்த கோரிக்கை உண்மைதானா என்று நேரில் போய்ப் பார்க்கும் வேலைக்கு, வேலூரில் ஆள் எடுக்கிறார்கள். ஏரியா எது என்று கேட்டால் வேலூர் என்பார்கள். சேர்ந்த பிறகுதான் அந்த வேலூருக்குள் அரக்கோணமும் வாணியம்பாடியும் அடங்கும் என்று தெரியவரும். அரசு 2019-இல் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்துவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விசாரணை செய்து கொடுக்கும் ஏஜென்சிகளின் எக்செல் ஷீட்டில் அது இன்னும் பிரியவில்லை.

கிளெய்ம் துறையில் நம் ஊரில் இருந்தபடி நுழைய நான்கு வழிகள் இருக்கின்றன. ஏஜென்சியிடம் கேஸ் வாங்கித் தனியாளாகச் செய்வது முதல் வழி. இன்சூரன்ஸ் கம்பெனி, அதற்காக ஆஸ்பத்திரி கிளெய்ம்களைக் கவனிக்கும் டி.பி.ஏ. அல்லது பெரிய ஏஜென்சியில் மாதச் சம்பளத்துக்குக் களப்பணியாளராகச் சேர்வது இரண்டாவது. ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் உட்கார்வது மூன்றாவது. நான்காவது, உரிமம் வாங்கி, சேதத்தை மதிப்பிடுகிற இன்சூரன்ஸ் சர்வேயர் ஆவது. இவற்றில் எது யாருக்குப் பொருந்தும் என்று பார்க்கலாம். நான் முதல் இரண்டையும் செய்தவன். அதனால் அவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன்.

கேஸுக்கு இவ்வளவு

இதில் சுதந்திரம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, ஆனால் நேரத்தில் இல்லை. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் தீப்பெட்டி, பீடி வேலை. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல், ஷூ கம்பெனி வேலை. கம்பெனி பஸ் விடியற்காலையிலேயே ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும், பொழுது சாய்ந்துதான் இறக்கிவிடும். பதினொரு மணிக்குப் போய்க் கதவைத் தட்டினால் பாட்டியும் ஆட்டுக்குட்டியும்தான் இருப்பார்கள். ஆகவே வாக்குமூலம் எடுப்பது காலை ஏழுக்கு முன், இல்லை மாலை ஏழுக்குப் பின். நடுப்பகலில் வி.ஏ.ஓ. ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் என்று காத்திருக்க வேண்டும். எட்டு மணி நேர வேலைதான், ஆனால் அது பதினாறு மணி நேரத்தில் பரவிக் கிடக்கும்.

ஆஸ்பத்திரி கேஸ்கள் இன்னொரு விதம். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு, அதாவது கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டச் சொல்லும் கோரிக்கைக்கு, ஒரு மணி நேரத்துக்குள் பதில், டிஸ்சார்ஜ் சமயத்தில் மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி என்று 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதித்தது. நோயாளிகளுக்கு இது நல்லது. அதற்குப் பிறகு சந்தேகப்படும்படி ஒரு அட்மிஷன் வந்தால், ஆள் நிஜமாகவே படுக்கையில் இருக்கிறாரா என்று பார்க்க, 'இப்பவே போக முடியுமா' என்று போன் வருகிறது. அது இரவு ஒன்பது மணியாகவும் இருக்கும், ஞாயிற்றுக்கிழமையாகவும் இருக்கும். இறப்பு கிளெய்மிலும் அப்படித்தான். 2017 விதிகளின்படி விசாரணைக்கே 90 நாள் இருந்தது, முடிந்த பிறகு பணம் கொடுக்க இன்னும் 30 நாள். 2024-க்குப் பிறகு விசாரணை உள்பட எல்லாம் சேர்த்து 45 நாள். அதில் கம்பெனியின் பங்கும் ஏஜென்சியின் பங்கும் போக நம் கைக்கு ஒரு வாரம் வந்தால் அதிகம். கெடு சுருங்கிய அளவுக்குக் கூலி கூடியதாக நான் பார்க்கவில்லை.

சரி, பணம். ஒரு இறப்பு கிளெய்முக்கு 1,500 ரூபாய் என்று பேசியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வாணியம்பாடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வேலூரிலிருந்து போக மட்டும் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். முதல் நாள் வீட்டில் ஆள் இருக்காது, எனவே இரண்டு தடவை போக வேண்டும். மொத்தம் 280 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுக்கிற வண்டி என்றாலும் ஆறு லிட்டருக்கு மேல் குடிக்கும். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிறது. பெட்ரோலுக்கு 620, ஜெராக்ஸ், டீ, சாப்பாடு என்று ஒரு 100. தொழில்முறைக் கட்டணம் என்ற கணக்கில் 10 சதவீத டி.டி.எஸ். பிடித்தால் 150. கையில் நிற்பது 630. டி.டி.எஸ். பணம் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்பி வரும், அதுவும் அடுத்த வருஷம்தான்.

ஆக, இந்தத் தொழிலில் தேர்ந்தவர்கள் கேஸைச் சேர்த்துச் சேர்த்துச் செய்கிறவர்கள். வாணியம்பாடி கேஸைத் தனியாகச் செய்யாமல், ஆம்பூரில் ஒன்று, மாதனூரில் ஒன்று சேரும் வரை கெடுவுக்குள் இழுத்துப் பிடித்து, ஒரே பயணத்தில் மூன்றையும் முடிப்பார்கள். மூன்று கேஸ் சேர்ந்தால் கணக்கே வேறு. ஆனால் அப்படிச் சேர வேண்டுமென்றால் இரண்டு, மூன்று ஏஜென்சிகளிடமிருந்து கேஸ் வர வேண்டும். புதிதாக வருகிறவருக்கு ஒரே ஏஜென்சிதான் இருக்கும், அதுவும் யாரும் போக விரும்பாத மலையோர கேஸைத்தான் முதலில் தள்ளும்.

அப்புறம் பில். வேலையை முடித்த நாளில் பில் ஓடாது. கம்பெனி கேஸை மூட வேண்டும், நடுவில் ஒரு கேள்வி கேட்டு மறுபடி திறக்கும், அதன் பிறகு ஏஜென்சிக்குப் பணம் வர வேண்டும், பிறகு நமக்கு. போட்டோவில் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதியவில்லை என்று ஒரே காரணத்தைச் சொல்லி என் பில்களைக் கொத்தாக நிறுத்திவைத்த ஏஜென்சியும் உண்டு. மொட்டை மாடியில்கூட டவர் கிடைக்காத ஊரில் எடுத்த போட்டோ அவை. மார்ச் முடிவதற்குள் நிலுவையை மூட வேண்டும் என்று பிப்ரவரி, மார்ச்சில் கேஸ் வந்து குவியும். ஏப்ரலில் போன் அடிக்காது. அந்த ஏப்ரலில்தான் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம்.

இதெல்லாம் எல்லாத் தனியாள் வேலையிலும் உள்ளதுதானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். பெயிண்டருக்கும் கொத்தனாருக்கும் பில் இழுக்கும். ஆனால் இந்த வேலையில் ஒரு வித்தியாசம் உண்டு. கூலி வருகிற விதம் ரிப்போர்ட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடும். என் ஒப்பீட்டில் நான் பெரிதாக எடுத்துக்கொள்வது இதைத்தான், பெட்ரோல் கணக்கை அல்ல.

ரிப்போர்ட் எந்தப் பக்கம் சாயும்

காப்பீட்டுச் சட்டம் 1938-இன் 45-ஆவது பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பிறகு, ஆயுள் பாலிசி மூன்று வருஷத்தைத் தாண்டிவிட்டால் எந்தக் காரணத்தைச் சொல்லியும் கம்பெனி அதைக் கேள்வி கேட்க முடியாது என்கிறது. ஆகவே நமக்கு வருவதெல்லாம் மூன்று வருஷத்துக்குள் நடந்த இறப்புகள். கம்பெனிக்கு இது கடைசி வாய்ப்பு. குடும்பத்துக்கும் அப்படித்தான்.

மோசடி இல்லாமல் இல்லை. ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு கேஸில் இறப்புத் தேதி பாலிசி தொடங்கிய பிறகு என்று விண்ணப்பத்தில் இருந்தது. பஞ்சாயத்தில் பதிவும் அப்படியே. அக்கம்பக்கத்தில் கேட்டால் எல்லோரும் மனப்பாடம் செய்ததுபோல ஒரே தேதியைச் சொன்னார்கள். பஸ் ஸ்டாப் டீக்கடைச் சுவரில் பாதி கிழிந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர். போட்டோவுக்கு இரண்டு பக்கமும் தோற்றம், மறைவு என்று தேதி போட்டிருந்தார்கள். மறைவுத் தேதி விண்ணப்பத்தில் இருந்ததற்கு முந்தின மாதம். தேதி தெரியும்படி ஒரு போட்டோ, கடையும் சுவரும் தெரியும்படி இன்னொரு போட்டோ. அந்தக் கேஸ் அங்கேயே முடிந்தது. நம் ஊரில் இறப்பை மறைக்க நினைப்பவர்களும் போஸ்டர் ஒட்டாமல் இருக்க மாட்டார்கள்.

ஆனால் அப்படிப்பட்ட கேஸ் அபூர்வம். அடிக்கடி வருவது வேறு மாதிரி. காரியம் முடிந்து சில நாளே ஆன வீடு. அந்த அம்மா நம்மை உட்காரவைத்து, டீ போட்டுக் கொடுத்து, ஒரு மஞ்சள் பையை எடுத்து வருவார். 'எல்லாம் பத்திரமா வச்சிருக்கேன் சார், பாருங்க' என்பார். அதில் மாத்திரை அட்டைகள், ஸ்கேன் கவர், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து எழுதிக் கொடுத்த சின்ன நோட்டு. நோட்டின் முதல் பக்கத் தேதி பாலிசிக்கு ஒரு வருஷம் முந்தியது. பாலிசி விண்ணப்பத்தில் ரத்த அழுத்தம் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று டிக். படிவம் ஆங்கிலத்தில், டிக் அடித்தது ஏஜென்ட், கீழே நடுங்கிய தமிழ்க் கையெழுத்து.

அந்த நோட்டைப் போட்டோ எடுக்கத்தான் வேண்டும். மறைத்தால் அது வேலையே இல்லை. ஆனால் படிவத்தை நிரப்பியது ஏஜென்ட், படித்துக் காட்டவில்லை என்று மனைவி சொல்கிறார், இறப்புக்குக் காரணம் ரத்த அழுத்தத்தோடு சம்பந்தமில்லாத விபத்து என்பதையும் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும் அல்லவா? இந்த இரண்டு வரிதான் கூலி முறையைப் பொறுத்து வரும் அல்லது வராமல் போகும். சில இடங்களில் கிளெய்மை மறுக்க வழி காட்டும் நெகட்டிவ் ரிப்போர்ட்டுக்கு ஒரு ரேட், கிளெய்ம் உண்மை என்று சொல்லும் ஜெனுயின் ரிப்போர்ட்டுக்குக் குறைவாக ஒரு ரேட். இன்னும் சில இடங்களில் வெளிப்படையாக ரேட் இருக்காது, நெகட்டிவ் கொடுக்கிறவருக்கு அடுத்த மாதம் கேஸ் கூடும், அவ்வளவுதான். ஏப்ரல் மாதம், கையில் பணமில்லை, பெட்ரோல் போட்டுப் போயிருக்கிறோம் என்றால் அந்த இரண்டு வரியை எழுதக் கை வருமா? மறுபக்கம், ஏஜென்டோ குடும்பமோ ஒரு கவரை நீட்டும்போது வேண்டாம் என்று சொல்லவும் அதே ஏப்ரல்தான் குறுக்கே நிற்கும்.

அந்த ரிப்போர்ட் பெட்டிக்குள் தூங்கும் என்றும் நினைக்க வேண்டாம். கிளெய்ம் மறுக்கப்பட்டால் குடும்பம் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் காசு செலவில்லாமல் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் விசாரிக்க முடியும். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அங்கே நம் ரிப்போர்ட்டை வரி வரியாகப் படிப்பார்கள். சாட்சியாக வரச் சொன்னால், சம்பளக்காரருக்கு அது பணி நாள். தனியாளுக்கு அன்றைய கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு.

மாதச் சம்பளம்

இதிலும் நேரம் ஒழுங்காக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதே விடியற்காலை, அதே இரவு போன். மாதத்துக்கு இத்தனை கேஸ் என்று டார்கெட்டும் உண்டு. திருப்பத்தூரில் தொடங்கிக் காஞ்சிபுரம் வரை ஏரியா நீளலாம், ஆறு மாதம் கழித்துச் சென்னைக்கு மாற்றலாம். பலர் ஏமாறுவது கையில் வரும் தொகையில். நல்ல மாதத்தில் தனியாள் சம்பாதிப்பதைவிட இது குறைவாகத்தான் தெரியும்.

ஒப்பிடும்போது மார்ச்சை மட்டும் எடுக்காமல் பன்னிரண்டு மாதத்தையும் கூட்டிப் பாருங்கள். சம்பள வேலையில் பெட்ரோல் தனி. அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் உங்கள் பக்கம், அதே அளவு முதலாளி பக்கம் பி.எஃப். போகும். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ.யும் உண்டு, உங்கள் பங்கு 0.75 சதவீதம்தான். நெடுஞ்சாலையில் தினமும் வண்டி ஓட்டுகிறவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. பள்ளிகொண்டா டோலுக்கும் ஆம்பூருக்கும் நடுவே இரவில் லாரிகளோடு போட்டி போட்டு வந்தவர்களுக்குத் தெரியும்.

எல்லாவற்றையும்விட, கேஸ் ஜெனுயினாக இருந்தாலும் நெகட்டிவாக இருந்தாலும் ஒன்றாம் தேதி ஒரே சம்பளம். மேலே சொன்ன இரண்டு வரியை எழுதுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. சம்பளம் கொடுக்கிற இடத்திலும் 'எத்தனை பிடித்தாய்' என்று மீட்டிங்கில் கேட்பார்கள், அது வேறு. ஆனால் கேட்டுவிட்டுச் சம்பளத்தைப் போட்டுவிடுவார்கள்.

இதில் நுழைவதுதான் சிரமம். மேஜை வேலைக்கு சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி, பல் மருத்துவம், நர்சிங், பார்மசி படித்தவர்களுக்கு முன்னுரிமை. களத்துக்கு அனுபவம் கேட்பார்கள். அனுபவத்துக்கு எங்கே போவது? அங்கேதான் மூன்றாவது வழி வருகிறது.

ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்

வேலூரில் பிறந்தவர்களுக்கு மட்டும் கிடைத்திருக்கும் வசதி இது. சி.எம்.சி. ஆஸ்பத்திரியை நம்பி வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கிருந்தோ வருகிறார்கள். காந்தி ரோடு லாட்ஜ்களில் பெங்காலியில் போர்டு. 2022-இலிருந்து ராணிப்பேட்டை வளாகமும் இயங்குகிறது. இது தவிரச் சின்னதும் பெரிதுமாகத் தனியார் ஆஸ்பத்திரிகள். இன்சூரன்ஸ் பார்க்கிற இடங்களிலெல்லாம் டெஸ்க் உண்டு. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை தருகிற முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தனியாக ஆட்கள் உட்காருகிறார்கள். சுமாரான இந்தி தெரிந்தாலே இங்கே மதிப்பு. ஆம்பூர், வாணியம்பாடியில் வளர்ந்து உருது பேசுகிறவர்களுக்கு அது ஏற்கெனவே கையில் இருக்கிறது.

சம்பளம் குறைவு, அதை மழுப்ப வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் அனுமதி வரத் தாமதமானால் சொந்தக்காரர்களின் கோபம் முழுக்க உங்கள் மேல்தான் விழும். நைட் ஷிஃப்டும் சுழற்சியில் வரும். ஆனால் ஷிஃப்ட் முடிந்தால் வேலை முடிந்தது. இங்கே ஒரு வருஷம் இருந்தால் கேஸ் ஷீட் படிக்க வரும். அட்மிஷன் நோட்டில் 'மூன்று வருஷமாகச் சர்க்கரை' என்று ஜூனியர் டாக்டர் எழுதிய ஒரே வரி எப்படி ஒரு கிளெய்மைக் கவிழ்க்கும், பாலிசி எடுத்த பிறகு சில நோய்களுக்குப் பணம் கிடைக்காத காத்திருப்புக் காலம் எப்படி எண்ணப்படுகிறது, ஐந்து வருஷம் தொடர்ந்து பிரீமியம் கட்டியவரிடம் மோசடி தவிர வேறு காரணம் சொல்லி ஏன் மறுக்க முடியாது என்பதெல்லாம் அங்கேதான் விளங்கும். களத்தில் மட்டும் வளர்ந்த பலருக்கு டிஸ்சார்ஜ் சம்மரியைத் தாண்டி எதையும் படிக்கத் தெரியாது. டெஸ்க்கிலிருந்து களத்துக்கு வருகிறவர்களைக் கம்பெனிகள் விரும்பி எடுப்பதற்கு இதுதான் காரணம்.

சர்வேயர் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விசாரணையாளருக்கு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உரிமம் எதுவும் கிடையாது, யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதனால்தான் கூலியும் பேரத்துக்கு உட்பட்டது. சர்வேயருக்கு உரிமம் உண்டு. மோட்டார் பிரிவுக்கு இன்ஜினியரிங் டிகிரி அல்லது டிப்ளமோ, மூத்த சர்வேயரிடம் 12 மாதப் பயிற்சி, தேர்வு, அப்புறம் உரிமம். குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட சேதத்தைச் சர்வேயர்தான் மதிப்பிட வேண்டும் என்று சட்டமே சொல்வதால் இவருக்கு ஒரு பிடி இருக்கிறது. மெக்கானிக்கலோ ஆட்டோமொபைலோ படித்துவிட்டு விசாரணை வேலைக்கு விண்ணப்பிக்கிற பையன்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். பயிற்சி வருஷத்தில் வருமானம் இருக்காது என்பதுதான் தடை. அந்த ஒரு வருஷத்துக்கு வேண்டுமானால் கேஸ் வேலையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

யாருக்கு எது

வீட்டில் உங்கள் ஒருவர் சம்பளம்தான், மாதம் பிறந்தால் தவணை என்றால் கேஸ் வேலையை முழுநேரமாக எடுக்காதீர்கள். டெஸ்க்கில் தொடங்கி மாதச் சம்பளக் களப்பணிக்கு மாறுவதுதான் உங்களுக்கு. வீட்டில் வேறு நிலையான வருமானம் இருக்கிறது, மூன்று மாதம் பில் வராவிட்டாலும் அடுப்பு எரியும் என்றால் கேஸ் வேலை கெட்டதில்லை. சுற்றிப் பார்க்கவும் ஆட்களைப் பழகவும் இதுபோல் வேறு வேலை கிடையாது. அப்போதும் நெகட்டிவுக்குத் தனி ரேட் வைத்திருக்கிற ஏஜென்சியை விட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ் ஏஜென்டாகவும் இருந்துகொண்டு விசாரணையும் செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு பக்கமும் பெயர் கெடும்.

பெண்களுக்கு இந்த வேலை சரிப்படாது என்று சொல்கிறவர்கள் உண்டு. இறப்பு வீட்டில் அந்த அம்மா என்னிடம் சொன்னதைவிட ஒரு பெண்ணிடம் இரண்டு மடங்கு சொல்லியிருப்பார் என்பதுதான் நான் பார்த்தது. இரவு பெட் செக்குக்குத் தனியாக அனுப்ப மாட்டோம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு சேரலாம்.

எந்த ஏஜென்சியானாலும் சேருமுன் கேட்க வேண்டியவை சில உண்டு. பில் கொடுத்த எத்தனை நாளில் பணம், கம்பெனி கேஸைத் திறந்தே வைத்திருந்தாலும் வருமா? நகராட்சி எல்லைக்கு வெளியே போனால் கிலோமீட்டருக்குத் தனியாக உண்டா? சித்தூர்ப் பக்கம் எல்லை தாண்டினால் என்ன ரேட்? அடையாள அட்டையும், கேஸ்வாரி அதிகாரக் கடிதமும் தருவார்களா? அந்தக் கடிதமும் நோயாளி அல்லது வாரிசின் கையெழுத்துப் போட்ட சம்மதமும் இல்லாமல் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் கவுண்டரில் போய் நிற்காதீர்கள். நமக்குப் போலீஸ் அதிகாரம் எதுவும் இல்லை. பேச மாட்டேன் என்று ஒருவர் சொன்னால், சொன்னார் என்று எழுதிவிட்டு வர வேண்டியதுதான். விபத்துக் காப்பீடும் கேளுங்கள். இல்லை என்றால் வங்கிக் கணக்கிலிருந்து வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிற பிரதமர் சுரக்ஷா பீமாவிலாவது சேர்ந்துவிடுங்கள், 2 லட்சம் அதில் உண்டு. ஊர் முழுக்கப் பாலிசியைப் பற்றிக் கேள்வி கேட்டுத் திரிகிற பலரிடம் அதுகூட இல்லை.

இப்போது ஒரு வேலையில் இருந்துகொண்டு இதற்கு மாற நினைப்பவர்கள் பிப்ரவரியில் விடுமுறை நாட்களில் மட்டும் கேஸ் எடுத்துப் பார்க்கலாம். மார்ச்சில் போன் ஓயாது, நல்ல தொழில் என்று தோன்றும். அந்தத் தோற்றத்தில் ராஜினாமா எழுதிவிடாமல், மார்ச் பில் கைக்கு வரும் வரை பொறுங்கள். எனக்குத் தெரிந்து அது ஜூன்.